குடலுக்குள் ஒரு குடித்தனம்

சென்ற மாதம் ஒரு நாள் விடியற்காலையில் என் பெரியப்பா ஊரிலிருந்து வந்து இறங்கினார். அவருக்குப் பின்னால் பெரியம்மா. பெரியம்மாவின் கையில் ஒரு துணிப்பை. கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்ததும் பெரியம்மா அந்தப் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். பொலபொலவென்று விழுந்தவை மாத்திரை அட்டைகள். ஒன்றல்ல, இரண்டல்ல, பன்னிரண்டு அட்டைகள். அவற்றில் ஒன்றிலிருந்தாவது ஒரு மாத்திரைகூட எடுக்கப்படவில்லை.

"பார்த்தாயா, உன் பெரியப்பாவின் சாமர்த்தியத்தை! மாதாமாதம் கடைக்குப் போய் வாங்கி வருகிறார். மாத்திரையை வாயில் போடுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். அலமாரியில் போடுகிற மனிதரை இப்போதுதான் காண்கிறேன்!" என்றாள்.

பெரியப்பா அசையவில்லை. "நான் ஒன்றும் யோசிக்காமல் செய்கிறவன் அல்ல. அந்த மாத்திரையை விழுங்கினால் வயிறு கடமுடவென்று சத்தம் போடுகிறது. நாலு தடவை கொல்லைப்புறம் ஓட வேண்டியிருக்கிறது. நம் குடலிலே நல்ல கிருமிகள் குடியிருக்கின்றனவாம். இந்தச் சர்க்கரை மாத்திரை அவற்றைக் கலைத்துவிடுகிறதாம். பத்திரிகையிலேயே போட்டிருந்தது. ஆகையால் மாத்திரையை நிறுத்திவிட்டுக் கிருமியைச் சாப்பிடுகிறேன்" என்று சொல்லி, மடியிலிருந்து ஒரு புட்டியை எடுத்துக் காட்டினார். நல்ல கிருமிகளைக் குளிகையில் அடைத்து விற்பதாக அதன்மேல் அச்சிட்டிருந்தது. விலையும் அச்சிட்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கே வயிற்றைக் கலக்கிற்று.

இவ்வளவோடு போயிருந்தால் சிரித்துவிட்டு இருந்திருப்பேன். ஆனால் அவர் காலை நீட்டி உட்கார்ந்தபோது வலது கால் பெருவிரலில் ஒரு கட்டைப் பார்த்தேன். "எறும்புக் கடி, இரண்டு மாதமாகிறது" என்றார். சர்க்கரை வியாதிக்காரர் காலில் இரண்டு மாதமாக ஆறாத புண் எறும்புக் கடியாயிருந்தால் என்ன, யானை மிதித்ததாயிருந்தால் என்ன? அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நேயர்களே! பெரியப்பா சொன்னதில் பாதி உண்மை. முழுப் பொய்யை எதிர்த்து நிற்பது சுலபம். பாதி உண்மையை எதிர்ப்பதுதான் கஷ்டம். ஆகவே அவருக்கு நான் இரண்டு நாள் எடுத்துச் சொன்ன விஷயத்தை இந்த வாரம் உங்களுக்கும் சொல்லுகிறேன். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் கணக்குப்படி நம் தேசத்தில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறது. அப்படியானால் இப்படி ஒரு பெரியப்பா உங்கள் வீட்டிலும் இருக்கக்கூடும்.

யார் அந்தக் குடிகள்?

நம் உடம்பில் நாம் மட்டும் இல்லை. சராசரியான ஓர் ஆளின் தேகத்தில் உத்தேசமாக 30 லட்சம் கோடி அணுக்கள் இருக்கின்றன. அவனுக்குள் வாசம் செய்யும் பாக்டீரியாக்களோ சுமார் 38 லட்சம் கோடி என்று 2016-இல் சில நிபுணர்கள் கணக்கிட்டார்கள். பெரும்பாலானவை பெருங்குடலில் வசிக்கின்றன. அத்தனையும் சேர்த்து நிறுத்தால் ஏறக்குறைய 200 கிராம்தான் வரும். எண்ணிக்கையில் நம்மை மிஞ்சினாலும் எடையில் ஒரு கைப்பிடி வெண்ணெய்தான்!

இந்தக் குடிகள் வாடகை தராமல் இருப்பவர்கள் அல்ல. கீரை, பருப்புத் தோல், வாழைத்தண்டு, கேழ்வரகுத் தவிடு ஆகியவற்றில் உள்ள நாரைச் செரிக்கும் சக்தி நமக்குக் கிடையாது. வயிறும் சிறுகுடலும் கைவிட்ட அந்த நார் பெருங்குடலுக்குப் போய்ச் சேருகிறது. அங்கே பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்துச் சில அமிலங்களாக மாற்றுகின்றன. அவற்றில் முக்கியமானது பியூட்டிரேட் என்பது. நாட்பட்ட வெண்ணெயில் ஒரு வாடை வீசுகிறதல்லவா? அந்த அமிலத்தின் வம்சந்தான் இது. பெயரும் வெண்ணெயிலிருந்து வந்ததே.

வாடையைப் பார்த்து இகழ வேண்டாம். பெருங்குடலின் உட்சுவரில் இருக்கும் அணுக்களுக்குப் பிரதான ஆகாரமே இந்தப் பியூட்டிரேட்தான். அது சரியாகக் கிடைத்தால் சுவர் உறுதியாக நிற்கும். தவிர, இந்த அமிலங்கள் குடலில் உள்ள சில அணுக்களைத் தூண்டி, 'சாப்பாடு வந்திருக்கிறது, இன்சுலினைத் தயார் செய்' என்று கணையத்துக்குச் செய்தி சொல்லும் ஒரு ரசத்தையும் சுரக்கச் செய்கின்றன. ஆகக் குடிகள் நன்றாக வாழ்ந்தால் வீட்டுக்காரருக்கும் லாபம்.

வியாதி வந்தால் குடிகள் என்ன ஆவார்கள்?

"சர்க்கரை வியாதி ரத்தத்தில் அல்லவா இருக்கிறது? குடலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று பெரியப்பா கேட்டார். நியாயமான கேள்விதான்.

முதலில் நரம்பைப் பார்ப்போம். பல வருஷங்கள் ரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தால், கால் விரலின் நரம்பு மரத்துப்போவது போலவே குடலை அசைக்கும் நரம்புகளும் தளர்ந்துபோகலாம். ஓடுகிற வாய்க்காலில் பாசி பிடிப்பதில்லை. தேங்கின குட்டையில் பிடிக்கும். அவ்விதமே, சாப்பாடு நகராமல் தேங்கினால், பெருங்குடலில் இருக்க வேண்டிய பாக்டீரியாக்கள் சிறுகுடலில் ஏராளமாகப் பெருகிவிடும். அதனால் உப்புசம், ராத்திரி வேளையில் பேதி முதலிய உபத்திரவங்கள் வரும். மாத்திரையே சாப்பிடாத சர்க்கரை வியாதிக்காரருக்கும் இவை வருவதுண்டு என்பதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது விஷயம் இன்னும் விசித்திரமானது. குடலின் உட்சுவர் ஒரு கோட்டை மதில். அதன் அணுக்கள் ஒன்றோடொன்று இறுக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 2018-இல் இஸ்ரேல் தேசத்தின் வைஸ்மன் விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ரத்தத்தில் சர்க்கரை மிகுந்த சுண்டெலிகளில் அந்தச் சர்க்கரையே மதில் அணுக்களுக்குள் புகுந்து அவற்றின் பிணைப்பைத் தளர்த்திவிடுகிறது. மதிலில் விரிசல் கண்டதும், உள்ளே அடங்கியிருக்க வேண்டிய கிருமிகளும் கிருமிகளின் கழிவுகளும் உடம்பின் மற்றப் பாகங்களுக்குக் கசிகின்றன. சுண்டெலிக்கு இன்சுலின் கொடுத்துச் சர்க்கரையை இறக்கினால் மதில் திரும்பவும் கெட்டிப்படுகிறது! மனிதர்களிடமும் பார்த்தார்கள். ரத்தச் சர்க்கரை அதிகமாயிருந்தவர்களின் ரத்தத்தில் கிருமிக் கழிவுகளும் அதிகமாகக் காணப்பட்டன.

இங்கே பெரியப்பாவின் முகம் சற்று மாறிற்று. நானும் நிறுத்தாமல் மேலே சொன்னேன்.

குற்றவாளி யார்?

இப்போது கதை துப்பறியும் நாவல் மாதிரி போகிறது. 2012-இல் சீன தேசத்தில் 345 பேருடைய மலத்தைச் சோதித்தார்கள். சர்க்கரை வியாதிக்காரர்களிடம் பியூட்டிரேட் செய்யும் நல்ல பாக்டீரியாக்கள் குறைந்திருந்தன. சமயம் பார்த்துக் கெடுதல் செய்யும் ஜாதிகள் அதிகரித்திருந்தன. மறு வருஷம், 2013-இல், ஸ்வீடன் தேசத்தில் எழுபது வயதை ஒட்டிய 145 ஸ்திரீகளைச் சோதித்தார்கள். அங்கும் பியூட்டிரேட் செய்கிறவை குறைவு. ஆனால் மற்ற விஷயங்களில் இரண்டு தேசத்துக் கணக்கும் ஒத்துவரவில்லை. சீனத்தில் 'இவைதான் வியாதியின் அடையாளம்' என்று குறித்த கிருமிகள் ஸ்வீடனில் சாட்சி சொல்ல மறுத்துவிட்டன.

ஏன் இந்த முரண்பாடு? சாப்பாட்டு வித்தியாசமா? தேச வித்தியாசமா? 2015-இல் டென்மார்க், ஸ்வீடன், சீனம் ஆகிய மூன்று தேசத்துக் கணக்குகளையும் ஒன்று சேர்த்து, 784 பேருடைய விவரத்தை மறுபடியும் அலசினார்கள். அப்போது யாரோ ஒருவர் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார்கள். "இந்த நோயாளிகளில் மெட்பார்மின் சாப்பிடுகிறவர்கள் எவர், சாப்பிடாதவர்கள் எவர்?" என்பதே அந்தக் கேள்வி. மெட்பார்மின் என்பதுதான் சர்க்கரை வியாதிக்கு உலகமெங்கும் முதலில் கொடுக்கப்படும் மாத்திரை. பெரியப்பாவின் பன்னிரண்டு அட்டைகளும் அதுவே.

இரண்டு கட்சியையும் பிரித்து வைத்துப் பார்த்ததும் குட்டு வெளிப்பட்டது. வியாதியின் அடையாளம் என்று நினைத்தவற்றில் பல, உண்மையில் மாத்திரையின் அடையாளங்கள்! எஷ்சரீக்கியா என்ற ஜாதி பாக்டீரியா மாத்திரை சாப்பிடுகிறவர்களிடம் பெருகியிருந்தது. வேறொரு ஜாதி குறைந்திருந்தது. வயிறு கடமுடவென்பதற்கும் உப்புசத்துக்கும் இந்த மாறுதல் ஒரு காரணமாயிருக்கலாம் என்று அந்த ஆராய்ச்சியாளர்களே கருதினார்கள்.

"அப்படிச் சொல்லு! நான் சொன்னது சரியாய்ப் போயிற்று" என்று பெரியப்பா துள்ளி எழுந்தார்.

"உட்காருங்கள், பெரியப்பா. வழக்கு இன்னும் முடியவில்லை."

மாத்திரை சாப்பிடுகிறவர்களை ஒதுக்கிவிட்டு, மருந்தே தொடாத நோயாளிகளை மட்டும் தனியாகப் பார்த்தபோது, ஒரு குறை நிலைத்து நின்றது. பியூட்டிரேட் செய்யும் பாக்டீரியாக்கள் அவர்களிடம் குறைவாகவே இருந்தன. அதாவது அந்தக் குறை வியாதியைச் சேர்ந்தது, மாத்திரையைச் சேர்ந்ததல்ல. குடிகள் மெலிந்ததால் வியாதி வந்ததா, வியாதி வந்ததால் குடிகள் மெலிந்தார்களா என்றால், இரண்டு திசையிலும் சாட்சியம் இருக்கிறது. ஒன்று மற்றொன்றைத் தள்ளிவிடும் சக்கரம் அது.

மாத்திரை செய்த மாறுதல் கெட்டதா, நல்லதா? இதற்கு விடை 2017-இல் கிடைத்தது. அதுவரை மருந்தே சாப்பிடாத நோயாளிகளில் சிலருக்கு மெட்பார்மினும், சிலருக்கு வெற்று மாத்திரையும் நாலு மாதம் கொடுத்தார்கள். யாருக்கு எது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கினவருக்கும் தெரியாது. மெட்பார்மின் சாப்பிட்டவர்களின் குடல் பாக்டீரியாக்கள் வெகுவாக மாறின. பிறகு, பிறந்தது முதல் கிருமி வாசனையே அறியாமல் வளர்க்கப்பட்ட சுண்டெலிகளை எடுத்து, அந்த நோயாளிகள் மாத்திரை ஆரம்பிக்குமுன் எடுத்த கிருமிகளைச் சிலவற்றுக்கும், நாலு மாதம் கழித்து எடுத்த கிருமிகளைச் சிலவற்றுக்கும் கொடுத்தார்கள். மாத்திரையால் மாறின கிருமிகளைப் பெற்ற சுண்டெலிகள் சர்க்கரையை நன்றாகச் சமாளித்தன. ஒரு மாத்திரைகூட அவை விழுங்கவில்லை!

ஆக மாத்திரை குடிகளைக் கலைத்தது வாஸ்தவம். ஆனால் அந்தக் கலைப்பு, பழைய வீட்டைச் செப்பனிடும்போது எழும் தூசியைப் போன்றது. தூசிக்குப் பயந்து கொத்தனாரை விரட்டிவிட்டால், இடிகிற சுவர் இடிந்துகொண்டேதான் இருக்கும். பெரியப்பா கிருமிகளைக் காப்பாற்றுவதாக எண்ணி, கிருமிகள் குடியிருக்கும் கோட்டை மதிலைச் சர்க்கரைக்குத் தின்னக் கொடுத்துவிட்டார்.

புட்டியும் புடலங்காயும்

"அப்படியானால் இந்தப் புட்டி?" என்று பெரியம்மா ஆவலுடன் கேட்டாள்.

புட்டி விஷயத்தில் ஆராய்ச்சிகள் நடந்துகொண்டிருக்கின்றன. சிலவற்றில் சொற்ப நன்மை கண்டிருக்கிறார்கள். 2019-இல் பெல்ஜியத்தில் அக்கர்மான்சியா என்ற பாக்டீரியாவைச் சூடாக்கிக் கொன்று கொடுத்ததில், இன்சுலின் வேலை செய்வது சற்று மேம்பட்டது. பரீட்சையை முடித்தவர்களோ முப்பத்திரண்டே பேர். ஆம்ஸ்டர்டாம் நகரில் மெலிந்த மனிதரின் மலத்துக் கிருமிகளைப் பருத்த மனிதரின் குடலுக்கு மாற்றிப் பார்த்தார்கள். ஆறு வாரத்தில் குணம் தெரிந்தது; பதினெட்டு வாரத்துக்குள் அந்தக் குணம் போன இடம் தெரியவில்லை. வந்த விருந்தாளிகள் தங்கவில்லை. பழைய குடிகள் மறுபடியும் வீட்டைப் பிடித்துக்கொண்டார்கள். கடைப் புட்டி எதுவும் வைத்தியர் கொடுத்த மருந்துக்கு ஈடு என்று எந்தப் பரீட்சையும் காட்டவில்லை.

விருந்தாளிகளை விலைக்கு வாங்குவதைவிட, இருக்கிற குடிகளுக்குச் சோறு போடுவது மேல். 2018-இல் சீனத்தில் சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு நார் மிகுந்த பலவகை ஆகாரம் கொடுத்துப் பார்த்தார்கள். பியூட்டிரேட் முதலிய அமிலங்களைச் செய்யும் 15 வகைப் பாக்டீரியாக்கள் அவர்களிடம் செழித்தன. அவை எவரிடம் நன்றாய்ச் செழித்தனவோ அவருக்கு ரத்தச் சர்க்கரையும் நன்றாய் இறங்கிற்று. இந்த நாருக்கு நாம் சீனத்துக்குப் போக வேண்டியதில்லை. கொத்தவரங்காயின் விதையிலும் வெந்தயத்திலும் வழவழவென்று ஒரு பசை இருக்கிறதே, அது பாக்டீரியாக்களுக்கு உகந்த நார். சாப்பாட்டுக்குப் பிறகு சர்க்கரை சட்டென்று ஏறாமலும் தடுக்கும். முழுப்பயறு, கொண்டைக்கடலை, கீரைத்தண்டு, அவரை, புடல் இவை எல்லாம் அந்தக் குடிகளுக்கு விருந்துதான். சாதத்தைக் குறைத்து, கறியை இரட்டிப்பாக்கினால் போதும். ஆனால் ஒரேயடியாக ஆரம்பித்தால் வயிறு உப்பும். சிறுகச் சிறுகக் கூட்டவேண்டும். குடலசைவு ஏற்கனவே தளர்ந்துபோனவர்களுக்கு அதிக நார் ஒத்துக்கொள்ளாது. அவர்கள் வைத்தியரைக் கேட்டே செய்யவேண்டும்.

மாத்திரையால் வயிற்றுக் கோளாறு வந்தால் அதற்கும் வழி இருக்கிறது. வெறும் வயிற்றில் விழுங்காமல் சாப்பாட்டோடு சாப்பிடுவது, சிறிய அளவில் ஆரம்பித்துச் சில வாரங்களில் ஏற்றுவது, மெதுவாகக் கரையும் மாத்திரைக்கு மாறுவது என்று வைத்தியர்களிடம் பல உபாயங்கள் உண்டு. வருஷக் கணக்காய்ச் சாப்பிடுகிறவர்களுக்கு பி-12 என்ற ஜீவசத்து குறையலாம். அதையும் அவர்கள் சோதித்துப் பார்ப்பார்கள். வேண்டியது ஒன்றே: "டாக்டர், இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று வாயைத் திறந்து சொல்லவேண்டும். அலமாரியிடம் சொல்லிப் பயனில்லை.

1922-ஆம் வருஷத்து மூவர்

மறுநாள் பெரியப்பாவை வைத்தியரிடம் அழைத்துப் போனோம். விரல் புண்ணைப் பார்த்ததும் அவர் முகம் கடுத்தது. "இன்னும் ஒரு மாதம் கழித்து வந்திருந்தால் விரலுக்கு நான் உத்தரவாதம் சொல்லியிருக்க முடியாது" என்றார். புண் ஆறுகிற வரையில் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்றும், மாத்திரையை மெதுவாகக் கரையும் வகையாக, சிறிய அளவில் திரும்ப ஆரம்பிக்கலாம் என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து இன்சுலின் பெட்டிக்குள் இருந்த காகிதத்தை விரித்துப் படித்தேன். படித்துவிட்டுச் சிரித்தேன். "என்னடா சிரிப்பு?" என்று பெரியப்பா அதட்டினார். விஷயம் இதுதான்.

1885-இல் தேயோடோர் எஷ்சரிக் என்ற வைத்தியர் குழந்தைகளின் மலத்தில் ஒரு பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார். பிற்காலத்தில் அவர் பெயரையே அதற்கு வைத்தார்கள். சுருக்கமாகக் கோலி என்பார்கள். 1922-இல் கனடா தேசத்து டொரான்டோ நகரில், லெனார்ட் தாம்ஸன் என்ற பதினாலு வயதுப் பையனுக்கு முதன் முதலாக இன்சுலின் ஊசி போட்டு உயிரைக் காத்தார்கள். அதே 1922-இல்தான் அயர்லாந்தின் டப்ளின் நகரில் இரண்டு ரசாயன சாஸ்திரிகள் மெட்பார்மினை முதன் முதலாகச் செய்தார்கள்; அதைச் சர்க்கரை வியாதிக்குக் கொடுக்கலாம் என்று ழான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு வைத்தியர் 1957-இல் எடுத்துச் சொன்னார். அதே 1922-இலேயே அமெரிக்காவில், தொண்டை அடைப்பான் நோயிலிருந்து தேறிய ஒருவரின் மலத்திலிருந்து கோலியில் ஒரு சாதுவான வகையைப் பிரித்தெடுத்து, கே-12 என்று பெயரிட்டு வளர்த்து வந்தார்கள். மூன்றுக்கும் ஒன்றுக்கொன்று சம்பந்தம் உண்டாகும் என்று அன்று எவர் கண்டார்கள்?

1978-இல், மனிதருடைய இன்சுலினைச் செய்யும் கட்டளையை அந்தச் சாதுவான கோலிக்குள் புகுத்தினார்கள். கோலி மனித இன்சுலினைச் செய்து கொடுத்தது. 1982 முதல் அது கடைக்கு வந்தது. அதற்கு முன்பு மாட்டின் கணையத்தையும் பன்றியின் கணையத்தையும் பிழிந்தே இன்சுலின் எடுத்தார்கள். இன்றைக்குச் சில வகை இன்சுலினை ஈஸ்ட் செய்கிறது. சில வகையைக் கோலி செய்கிறது. பெரியப்பாவின் பெட்டியில் இருந்த காகிதம், கோலி செய்தது என்று சொல்லிற்று.

"பெரியப்பா, எந்த எஷ்சரீக்கியா ஜாதி உங்கள் வயிற்றில் கலகம் செய்கிறதென்று மாத்திரையை நிறுத்தினீர்களோ, அந்த ஜாதிதான் இப்போது உங்கள் விரலைக் காப்பாற்ற மருந்து செய்து அனுப்பியிருக்கிறது" என்றேன்.

பெரியப்பா சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அந்த விலையுயர்ந்த புட்டியை எடுத்துப் பெரியம்மாவிடம் நீட்டினார். "இதிலே வெந்தயத்தைப் போட்டு வை. மூடி நன்றாக இருக்கிறது" என்றார்.

நேற்று ஊரிலிருந்து கடிதம் வந்தது. புண் பாதி ஆறிவிட்டதாம். அலமாரியில் இப்போது மாத்திரை அட்டைகள் மிஞ்சுவதில்லை என்று பெரியம்மா தன் கைப்பட ஒரு வரி சேர்த்திருந்தாள்.